மின்தடை எங்கே மறைந்தது? மீக்கடத்திகளை மின்சுற்றோடு சேர்த்துக் கணினியில் எழுதிய வரலாறு

மீக்கடத்திகளின் வரலாறு பெரும்பாலும் பொருள்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வருகிறது. 1911-இல் லைடனில் பாதரசம், 1933-இல் மைஸ்னர் விளைவு, 1957-இல் பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் ஆகியோரின் கோட்பாடு, 1986-இல் பெட்னோர்ஸும் முல்லரும் கண்ட தாமிர ஆக்சைடுகள் என்னும் வரிசை நம் பாடநூல்களில் நிலைபெற்றுவிட்டது. இவ்வரிசையில் ஒரு கேள்விக்கு இடமில்லை. மீக்கடத்தி எதுவும் தனித்து வேலை செய்வதில்லை. அதற்கு மின்னோட்டம் தரும் மூலம் ஒன்று வேண்டும். அறை வெப்பநிலையிலிருந்து இறங்கிவரும் செம்புக் கம்பி வேண்டும். அதன் விடையைப் படிக்கும் பெருக்கி வேண்டும். இவை யாவும் சாதாரண மின்தடை உடையவை. மின்தடையற்ற ஒரு பொருளும் மின்தடையுள்ள ஒரு சுற்றும் சேர்ந்து எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கணக்கிட மனிதர் எப்போது, எவ்வாறு கற்றனர்?

அந்த வரலாற்றின் முதன்மைக் கட்டங்களைத் தொகுத்துக் காட்டுவதே இப்பதிவின் நோக்கம். இவ்வரலாற்றில் மீண்டும் மீண்டும் தென்படும் உண்மை ஒன்று உண்டு. வெற்றியும் விபத்தும் மீக்கடத்தியின் உள்ளே தீர்மானிக்கப்பட்டதைவிட, அது சாதாரண உலோகத்தைத் தொடும் எல்லையில் தீர்மானிக்கப்பட்டதே மிகுதி. ஆகவே ஒரு கணினி மாதிரியை மதிப்பிடும்போது அம்மாதிரி எதை எல்லைக்கு வெளியே விட்டது என்பதையே முதலில் கேட்க வேண்டும். உருவகப்படுத்தலை மட்டுமே நம்பி ஆய்வேடு எழுதும் நிலையில் இன்று நம் மாணவர் பலர் இருப்பதால், இது வெறும் பழங்கதையன்று.

1. சுழியம் என்னும் எண்ணின் தொல்லை

மின்சுற்றுக் கணக்கில் மிக எளிய மின்தடை சுழியமே என்று தோன்றும். கணினிக்கு அது மிகக் கடினமான எண். சுற்றில் உள்ள ஒவ்வொரு கணுவிலும் கிர்க்காஃபின் மின்னோட்ட விதியை எழுதி மின்னழுத்தங்களைக் காண்பதே கணுப் பகுப்பாய்வு. அம்முறையில் ஒவ்வொரு கம்பிக்கும் அதன் மின்தடையின் தலைகீழியை அணியில் இட வேண்டும். மின்தடை சுழியமானால் தலைகீழி முடிவிலியாகிறது. கணக்கு அங்கேயே நின்றுவிடும். 1975-இல் ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ஹோ, ரூயெலி, பிரென்னன் ஆகிய மூவர் திருத்திய கணுப் பகுப்பாய்வை வெளியிட்டனர். கணு மின்னழுத்தங்களோடு, தேவைப்படும் கிளைகளின் மின்னோட்டங்களையும் அறியாக் கணியங்களாகச் சேர்த்துக்கொள்வதே அவர்கள் கண்ட வழி. இன்றைய சுற்று நிரல்கள் பெரும்பாலானவற்றின் அடித்தளம் அதுவே.

அதன் பிறகும் ஒரு சிக்கல் எஞ்சியது. மின்தடையே இல்லாத மூடிய வளையம் ஒன்றில் நிலைமின்னோட்டம் எவ்வளவு? கிர்க்காஃப் விதிகளிடம் இதற்கு விடையில்லை. எந்த மதிப்பும் அவற்றை நிறைவு செய்யும். கணினி அதைப் பூச்சியக்கோவை அணி என்று அறிவித்து விலகிக்கொள்கிறது. இயற்கையிடம் விடை உண்டு: வளையம் குளிர்ந்தபோது அதனுள் எவ்வளவு காந்தப்பாயம் இருந்ததோ, அதைப் பொறுத்தே மின்னோட்டம் அமையும். மீக்கடத்தி தன் கடந்த காலத்தை நினைவில் வைத்திருக்கிறது. சாதாரண மின்சுற்று நிரல் நினைவில்லாத உறுப்புகளுக்காக எழுதப்பட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான பிணக்கே இத்துறையின் தொடக்கப்புள்ளி.

2. கிரையோட்ரான்: சுற்று கற்பித்த முதல் பாடம்

1956-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டட்லி பக் கிரையோட்ரான் என்னும் நிலைமாற்றியை அறிமுகப்படுத்தினார். டாண்டலம் கம்பியின் மேல் நியோபியம் கம்பி சுற்றப்பட்டிருக்கும். சுற்றுக் கம்பியில் மின்னோட்டம் பாய்ந்தால் அதன் காந்தப்புலம் டாண்டலத்தின் மீக்கடத்து நிலையை அழித்து அதில் மின்தடையைத் தோற்றுவிக்கும். ஒன்று, சுழியம் எனும் இரு நிலைகளும் கிடைத்துவிட்டன. வெற்றிடக் குழல்கள் அறையை நிறைத்திருந்த காலத்தில் இது பெரும் நம்பிக்கையை ஊட்டியது.

ஆயினும் கம்பி வடிவக் கிரையோட்ரான் வேகத்தில் தோற்றது. காரணம் எளிய சுற்றியல். மின்னோட்டம் ஒரு பாதையிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் நேரத்தை மின்தூண்டலுக்கும் மின்தடைக்கும் உள்ள விகிதம் தீர்மானிக்கிறது. மீக்கடத்து நிலையை இழந்த டாண்டலத் துண்டின் மின்தடை மிகச் சிறியது. சுற்றுக் கம்பியின் தூண்டல் பெரியது. ஆகவே விகிதம் பெரிதாகி மாற்றம் மந்தமானது. இங்குத் தடையாக நின்றது மின்தடையின் போதாமையே. மீக்கடத்திக் கருவி ஒன்றுக்கு வேகம் வேண்டுமெனில் அதனருகே போதிய சாதாரண மின்தடை இருக்க வேண்டும் என்னும் முரண் தோன்றும் உண்மை அப்போதே வெளிப்பட்டது.

3. 1962: இரண்டு விதைகள்

1962-ஆம் ஆண்டில் இரண்டு கட்டுரைகள் வெளிவந்தன. கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராயிருந்த பிரையன் ஜோசப்சன், இரு மீக்கடத்திகளுக்கிடையே மெல்லிய மின்காப்புப் படலம் இருந்தாலும் எலெக்ட்ரான் இணைகள் அதை ஊடுருவிச் செல்லும் என்று கணித்தார். மின்னழுத்தமே இல்லாமல் பாயும் அம்மின்னோட்டம், இருபுற அலைச்சார்புகளின் கட்ட வேறுபாட்டின் சைன் மதிப்புக்கு நேர்விகிதத்தில் இருக்கும். மின்னழுத்தம் தோன்றினால் அக்கட்ட வேறுபாடு சுழலத் தொடங்கும். ஒரு மில்லிவோல்ட்டுக்கு ஏறத்தாழ 483.6 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண். மறு ஆண்டே பெல் ஆய்வகத்தில் ஆண்டர்சனும் ரோவெலும் இதைச் சோதனையில் கண்டனர்.

அதே ஆண்டில் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சார்லஸ் பீன், தடித்த மீக்கடத்திகளில் காந்தப்பாயம் எவ்வாறு நுழைகிறது என்பதற்கு எளிய விதி ஒன்றைத் தந்தார். பாயம் நுழைந்த இடங்களில் மின்னோட்ட அடர்த்தி தன் உச்ச மதிப்பில் இருக்கும். நுழையாத இடங்களில் சுழியமாக இருக்கும். இதற்கு இடைப்பட்ட நிலை கிடையாது.

ஜோசப்சனின் விதி மைக்ரோஆம்பியர் உலகிற்கு உரியது. பீனின் விதி கிலோஆம்பியர் உலகிற்கு உரியது. இரண்டும் அடுத்த அரை நூற்றாண்டில் தனித்தனி வழிகளில் சென்று, ஒரே வகை இடையூற்றைச் சந்தித்தன.

4. ஊசலாக மாறிய சந்தி

ஜோசப்சன் சந்தியை மின்சுற்றோடு இணைக்க வழி கண்டவர்கள் ஆர்சிஏ நிறுவனத்தின் ஸ்டூவர்ட்டும் பெல் ஆய்வகத்தின் மக்கம்பரும். 1968-இல் தனித்தனியே வெளியிட்ட கட்டுரைகளில் அவர்கள் முன்வைத்த படம் மிக எளியது. உண்மையான சந்தியை மூன்று உறுப்புகள் இணையாக அமைந்த தொகுப்பாகக் கொள்ளலாம்: சைன் விதிக்குட்பட்ட இலட்சியச் சந்தி, மின்தடை, மின்தேக்கி. மூன்றின் மின்னோட்டங்களையும் கூட்டினால் கிடைக்கும் இரண்டாம்படி வகைக்கெழுச் சமன்பாடு, வளிமண்டலத்தில் ஆடும் ஊசலின் சமன்பாடே. கட்ட வேறுபாடு ஊசலின் கோணம். மின்தேக்குதிறன் அதன் நிலைமம். மின்தடையின் தலைகீழி உராய்வு. வெளியிலிருந்து வரும் மின்னோட்டம் ஊசலைத் திருகும் விசை.

உராய்வு மிகுந்த ஊசல் விசை நீங்கியதும் அமைதியாகத் தொங்கும். உராய்வு குறைந்த ஊசல் ஒருமுறை முழுச்சுற்றுச் சுழலத் தொடங்கிவிட்டால், விசையைக் குறைத்தாலும் எளிதில் நிற்காது. இவ்விரு நடத்தைகளையும் பிரிக்கும் எண் இன்றும் ஸ்டூவர்ட்–மக்கம்பர் அளவுரு என்றே அழைக்கப்படுகிறது. குவாண்டம் இயக்கவியலின் நுட்பமான விளைவொன்று இவ்வாறு எந்த மின்பொறியாளரும் கையாளக்கூடிய உறுப்பாயிற்று.

இப்படம் வந்த காலமும் ஏற்றதாக அமைந்தது. 1973-இல் கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்கிலி வளாகத்தில் லாரன்ஸ் நேகலும் டொனால்ட் பீடர்சனும் ஸ்பைஸ் நிரலை வெளியிட்டனர். அது கட்டற்று வழங்கப்பட்டதால் உலகெங்கும் பரவியது. 1980-களில் பெர்க்கிலியிலேயே ஸ்பைஸினுள் ஜோசப்சன் சந்தி ஓர் உறுப்பாகச் சேர்க்கப்பட்டது. 1989-இல் ஃபாங்கும் வான் டூசரும் ஜேசிம் என்னும் தனி நிரலை அறிவித்தனர். 1991-இல் ஸ்டீஃபன் வைட்லி ஸ்பைஸின் மூன்றாம் பதிப்பில் இச்சந்தியைச் சேர்த்தார். இன்று வழங்கும் டபிள்யூஆர்ஸ்பைஸ் அவ்வழியில் வந்தது. 2019-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் பல்கலைக்கழகக் குழு ஜோசிம் நிரலை அறிமுகப்படுத்தியது. கணு மின்னழுத்தத்திற்கு மாற்றாகக் கட்டத்தையே அடிப்படைக் கணியமாகக் கொண்டு கணக்கிடும் வசதி அதில் உண்டு. மீக்கடத்தி வளையத்தின் நினைவைக் காக்க அதுவே இயல்பான மொழி.

5. ஐபிஎம்மின் தோல்வியும் மாஸ்கோவின் மின்தடையும்

1960-களின் பிற்பகுதியிலிருந்து ஐபிஎம் நிறுவனம் ஜோசப்சன் சந்திகளால் ஆன கணினியை உருவாக்க முயன்று, 1983-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது. ஈயக் கலவைச் சந்திகளின் நிலையின்மை, சிலிக்கானின் விரைந்த முன்னேற்றம் எனக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று நம் பேசுபொருளோடு நேரடித் தொடர்புடையது. அக்காலச் சுற்றுகள் உராய்வு குறைந்த சந்திகளையே பயன்படுத்தின. ஒருமுறை மின்னழுத்த நிலைக்குச் சென்ற சந்தியை மீட்க வேண்டுமெனில், மின்வழங்கலையே சுழியத்திற்குக் கொண்டுவந்து மறுபடி ஏற்ற வேண்டும். இதை மிக விரைவாகச் செய்தால் சில சந்திகள் சுழிய நிலையில் அமராமல் எதிர்த்திசை மின்னழுத்தத்திற்குத் தாவிவிடும். ஆகவே சந்தி பிகோவினாடிகளில் இயங்க வல்லதாயினும், முழு இயந்திரத்தின் வேகத்தை மின்வழங்கல் கட்டிப்போட்டது.

1985-இல் மாஸ்கோவில் லிகாரெவ், முகானவ், செமியோனவ் ஆகியோர் முன்வைத்த மாற்று இதற்கு நேரெதிரான திசையில் சென்றது. ஒவ்வொரு சந்திக்கும் இணையாகச் சிறு சாதாரண மின்தடை ஒன்றைப் பொருத்தினர். ஊசலுக்கு உராய்வு கூடியது. சந்தி ஒரே ஒரு சுற்றுச் சுழன்று தானே அமைதியடைந்தது. அந்த ஒரு சுற்று வெளிப்படுத்தும் மின்னழுத்தத் துடிப்பின் பரப்பு எப்போதும் ஒரு காந்தப்பாயக் குவாண்டம். துடிப்பின் வருகை ஒன்று, வராமை சுழியம். 1999-இல் இவ்வகைச் சுற்று ஒன்று 770 கிகாஹெர்ட்ஸ் வரை இயங்கிக் காட்டியது. மீக்கடத்தித் தருக்கச் சுற்றின் வேகத்தைக் காத்தது, அதனருகே வைக்கப்பட்ட மின்தடையே.

6. கல்பாக்கத்துக்கு வந்த வழி

இரு ஜோசப்சன் சந்திகளை ஒரு வளையத்தில் பொருத்தினால் கிடைப்பது ஸ்குயிட் எனப்படும் காந்தப்பாய உணரி. 1964-இல் ஃபோர்டு ஆய்வகத்தினர் இதன் அடிப்படையைக் காட்டினர். பூமியின் காந்தப்புலம் ஏறத்தாழ 50 மைக்ரோடெஸ்லா எனில், மனித மூளை தலைக்கு வெளியே தோற்றுவிக்கும் புலம் 100 ஃபெம்டோடெஸ்லா அளவினது. இரண்டுக்கும் இடையே பல கோடி மடங்கு வேறுபாடு. ஸ்குயிட் அதை அளக்க வல்லது.

இவ்வுணரியை எந்த அளவுகளில் செய்ய வேண்டும் என்பதை முடிவு செய்ததில் கணினிக்குப் பெரும் பங்குண்டு. 1977-இல் கிளாடியா டெஷியும் ஜான் கிளார்க்கும் சந்திகளின் இணை மின்தடைகளில் எழும் வெப்ப இரைச்சலைச் சமன்பாடுகளில் சேர்த்து எண்முறையில் தீர்த்தனர். வளையத்தின் தூண்டலையும் சந்தியின் உச்ச மின்னோட்டத்தையும் பெருக்கினால் பாயக் குவாண்டத்தின் ஏறத்தாழப் பாதி வர வேண்டும் என்பது அவர்கள் கண்ட விதி. இரைச்சலைப் புறந்தள்ளியிருந்தால் இவ்விதியே பிறந்திராது.

தமிழ்நாட்டில் கல்பாக்கத்தின் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் நியோபியம் சந்திகளால் ஆன ஸ்குயிட் உணரிகளை உருவாக்கி, காந்தக் கவச அறையில் இதயத்தின், மூளையின் காந்தப்புலங்களை அளக்கும் அமைப்புகளையும் நிறுவியது. அத்தகைய அமைப்பில் உணரி ஒரு சிறு பகுதியே. அதன் விடை காந்தப்பாயத்தைப் பொறுத்து அலை வடிவில் ஏறி இறங்குவது. நேரடியாகப் படிக்க உதவாது. ஆகவே அறை வெப்பநிலையில் உள்ள மின்னணுச் சுற்று, வரும் பாயத்தை எதிர்ப்பாயத்தால் ஓயாது ஈடுசெய்து, உணரியை ஒரே புள்ளியில் பூட்டி வைக்கிறது. அளவீடாக நாம் படிப்பது, ஈடுசெய்யத் தேவைப்பட்ட அந்தப் பின்னூட்ட மின்னோட்டத்தையே. ஹீலியத்தில் மூழ்கிய உணரியை மட்டும் உருவகப்படுத்தி வெளிச்சுற்றை விட்டுவிடும் மாதிரி, கருவியின் பாதியை மட்டுமே அறிந்ததாகும்.

இதே பாடத்தின் உச்சம் 1980-களின் நடுப்பகுதியில் பெர்க்கிலியில் அமைந்தது. ஜான் கிளார்க், மிஷேல் டெவொரே, ஜான் மார்ட்டினிஸ் மூவரும் ஒரு முழு மின்சுற்றே குவாண்டம் விதிப்படி ஊடுருவுவதைக் காட்டினர். 2025-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காக வழங்கப்பட்டது. வெளிக் கம்பிகளின் வழியே வரும் இரைச்சலை வடிகட்டிகளால் அடக்கியதும், சந்தியின் அளவுருக்களை அதே சுற்றில், அதே இணைப்புகளோடு தனியே அளந்து அறிந்ததும் அச்சோதனைக்கு நம்பகத்தன்மை தந்தன. கோட்பாட்டை ஒத்துப்போகச் செய்வதற்காக எந்த எண்ணையும் அவர்கள் பின்னர் திருத்த வேண்டியிருக்கவில்லை.

7. பத்து வாட் வெப்பம்

கிலோஆம்பியர் உலகின் பாடம் கடுமையானது. 2008 செப்டம்பர் 19 அன்று ஜெனீவா அருகே செர்ன் ஆய்வகத்தின் பெரும் ஹேட்ரான் மோதுவியில், காந்தங்களின் மின்னோட்டத்தை ஏற்றிக்கொண்டிருந்தபோது, 8.7 கிலோஆம்பியர் அளவில் விபத்து நேர்ந்தது. பழுதுற்றவை காந்தச் சுருள்கள் அல்ல. ஒரு காந்தத்தையும் அடுத்ததையும் சேர்க்கும் கம்பி இணைப்பு ஒன்றே. அதன் மின்தடை ஏறத்தாழ 220 நானோ ஓம் என்று பின்னர் கணிக்கப்பட்டது. ஒரு ஓமின் கோடியில் சில பங்கான இந்த எண்ணை 7 கிலோஆம்பியரின் வர்க்கத்தால் பெருக்கினால் பத்து வாட்டுக்குச் சற்று மேல் வரும். சிறு விளக்கொன்றின் வெப்பம். அது இணைப்பின் மீக்கடத்து நிலையை அழித்தது. அருகிலிருந்த செம்பும் மின்னோட்டத்தை ஏற்க முடியாத நிலையில் மின்வில் தோன்றி ஹீலியக் கலத்தைத் துளைத்தது. பல டன் ஹீலியம் வெளியேறியது. 53 காந்தங்களைச் சுரங்கத்திலிருந்து வெளியே எடுக்க வேண்டியதாயிற்று. மோதுவி மீண்டும் இயங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. 2013–14 நிறுத்தக் காலத்தில் 10,000-க்கும் மேற்பட்ட இணைப்புகள் வலுப்படுத்தப்பட்டன.

சுருள்களைக் காக்கும் ஏற்பாடுகள் விரிவாகச் சிந்திக்கப்பட்டிருந்தன. இணைப்புகளுக்குரிய கண்காணிப்போ இத்தகைய நிகழ்வைப் பிடிக்கும் அளவுக்கு நுட்பமாக இல்லை. காந்தத்தின் புலத்தையும் வெப்பத்தையும் தீர்க்கும் நிரல்களை மின்சுற்று நிரலோடு ஒருங்கே ஓடவிடும் ஸ்டீம் என்னும் கட்டமைப்பைச் செர்ன் பின்னாளில் வளர்த்தெடுத்தது. இந்தியாவிலும் காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தின் எஸ்எஸ்டி-1 டோகமாக், 2013-இல் முதல் பிளாஸ்மாவைக் காண்பதற்கு முன், மீக்கடத்திக் காந்தங்களின் இணைப்புகளைச் செப்பனிடும் நீண்ட கட்டத்தைக் கடக்க வேண்டியிருந்தது.

8. மலைப்பகுதிக் கம்பியும் சமவெளி மாதிரியும்

இறுதியாக, நம் பகுதியோடு தொடர்புடைய ஒன்று. 1987-இல் திரவ நைட்ரஜனின் 77 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தும் பொருள் கிடைத்தபின், மின்வலையில் அதைப் பயன்படுத்தும் முயற்சிகள் பெருகின. அவற்றுள் பழுது மின்னோட்டக் கட்டுப்படுத்தி குறிப்பிடத்தக்கது. இயல்பு நிலையில் அது மின்தடையற்ற கம்பி. குறுக்குச்சுற்று நேர்ந்து மின்னோட்டம் வரம்பு மீறினால், மீக்கடத்து நிலையை இழந்து தானே மின்தடையாகிப் பெருக்கை அடக்கும். 1996-இல் சுவிட்சர்லாந்தின் லோன்ட்ஷ் நீர்மின் நிலையத்தில் ஏபிபி நிறுவனம் 1.2 மெகாவோல்ட்-ஆம்பியர் அளவில் ஒன்றை நிறுவி இயக்கியது. 2014-இல் ஜெர்மனியின் எசன் நகரில், ஒரு கிலோமீட்டர் நீள மீக்கடத்தி வடத்தோடு இத்தகைய கட்டுப்படுத்தி மின்வலையில் சேர்க்கப்பட்டது.

இக்கருவியை மின்வலையோடு சேர்த்துக் கணக்கிட முனைவோர் இரு வேறு மொழிகளை இணைக்க வேண்டும். மீக்கடத்தி நாடாவின் உள்ளே வரம்புறு உறுப்பு முறையால் மேக்ஸ்வெல் சமன்பாடுகளைத் தீர்க்க வேண்டும். நாடாவின் அகலம் மில்லிமீட்டர்களில் இருக்க, மீக்கடத்திப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரோமீட்டர் அளவே. பீனின் கூர்மையான விதிக்கு மாற்றாக, மின்புலம் மின்னோட்ட அடர்த்தியின் உயர்ந்த அடுக்காக ஏறும் என்னும் மென்மையான விதி பயன்படுகிறது. வெளியே மின்வலை முழுவதும் கணு மின்னழுத்தங்களின் மொழியில் இருக்கிறது. ஒவ்வொரு காலப்படியிலும் சுற்று மின்னோட்டத்தைத் தர, நாடா மின்னழுத்தத்தைத் திருப்பித் தரும். இது நீண்ட கணக்கு.

ஆகவே மின்வலை ஆய்வுகள் பலவற்றில் குறுக்குவழி ஒன்று கையாளப்படுகிறது. பழுது தொடங்கிய கணத்திலிருந்து மின்தடை ஒரு குறிப்பிட்ட நேர மாறிலியோடு உயர்ந்து ஒரு குறிப்பிட்ட உச்சத்தை அடையும் என்று எழுதிவிடுகிறார்கள். இச்சமன்பாட்டில் நேரம் இருக்கிறது, மின்னோட்டம் இல்லை. பழுது பெரிதாயினும் சிறிதாயினும் அதே மின்தடை தோன்றும் என்பதே அதன் பொருள்.

பெரிய துணைமின்நிலையம் ஒன்றின் அருகே நேரும் கடும் குறுக்குச்சுற்றுக்கு இது ஓரளவு பொருந்தலாம். இடுக்கி மாவட்டத்தின் மின்கம்பிகளை எண்ணிப் பாருங்கள். மூலமற்றத்தின் நிலத்தடி மின்நிலையம் 780 மெகாவாட் திறனுடையது. 1976 முதல் இயங்கி வருவது. அத்தகைய மூலத்தின் அருகே பழுது மின்னோட்டம் பெருகும். அதே மலையில், வண்டன்மேடு போன்ற ஏலக்காட்டுப் பகுதிகளில், நெடுந்தொலைவு செல்லும் மெல்லிய கம்பியின் மேல் மழைக்காலத்தில் மரக்கிளை சாய்வதும் பழுதே. கம்பியின் நீளமும் கிளையின் மின்தடையும் சேர்ந்து அங்கே மின்னோட்டத்தைச் சிறிதாக்கிவிடும். மீக்கடத்தி நாடாவுக்குக் கடும் பழுதைவிட, உச்ச வரம்பைச் சற்றே தாண்டும் இத்தகைய பலவீனமான பழுதே ஆபத்து மிகுந்தது. கடும் பழுதில் நாடா முழுவதும் ஒருங்கே மின்தடையாகி வெப்பத்தைப் பகிர்ந்துகொள்கிறது. பலவீனமான பழுதில் நாடாவின் நலிந்த ஓரிடம் மட்டும் மீக்கடத்து நிலையை இழக்கிறது. வெப்பம் முழுவதும் அங்கே குவிகிறது. மொத்த மின்தடையோ மின்னோட்டத்தை அடக்கும் அளவுக்கு வளர்வதில்லை. அவ்விடம் எரிந்துபோகலாம். நேரத்தை மட்டும் அறிந்த மாதிரி இந்நிகழ்வைக் காட்டவே இயலாது. கணினித் திரையில் கருவி காப்பாற்றப்படும்; மலையில் அது கருகும்.

அடுக்கு விதிக்கும் எச்சரிக்கை வேண்டும். அதன் அளவுருக்கள் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மைக்ரோவோல்ட் என்னும் மிகச் சிறிய மின்புலத்தின் அருகே அளக்கப்படுகின்றன. பழுதின்போது நாடா அதைப் பல மடங்கு தாண்டிய வெளியில் இயங்குகிறது. அங்கே மின்னோட்டம் வெள்ளி, செம்பு உறைகளுக்குள்ளும் பிரிந்து பாயும். மீண்டும் சாதாரண உலோகமே விடையைத் தீர்மானிக்கிறது.

9. மாணவர்களுக்கு

இந்திய அரசு 2023 ஏப்ரலில் 6,003.65 கோடி ரூபாய் மதிப்பிலான தேசிய குவாண்டம் திட்டத்திற்கு ஒப்புதல் அளித்தது. மீக்கடத்திக் கியூபிட்டுகள் அத்திட்டத்தின் இலக்குகளில் அடங்கும். 2024-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் டிஆர்டிஓவின் இளம் விஞ்ஞானிகள் ஆய்வகமும் டிசிஎஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 6 கியூபிட் செயலி ஒன்றின் முழுச் சோதனையை நிறைவு செய்தன. இத்துறையில் நுழைய விரும்பும் மாணவர் பலரின் கல்லூரிகளில் திரவ ஹீலியம் கிடையாது, மடிக்கணினி உண்டு. ஜோசிம்மும் டபிள்யூஆர்ஸ்பைஸும் இன்று திறந்த மூலநிரல்களாகக் கிடைக்கின்றன. மலைக்கிராமத்தில் இருந்துகொண்டும் மாஸ்கோ குழுவின் சுற்றை ஒரு மாலைப்பொழுதில் இயக்கிப் பார்க்கலாம். இவ்வாய்ப்பைச் சிறிதாக எண்ண வேண்டியதில்லை.

அவ்வாய்ப்போடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. ஆய்வேட்டில் மாதிரியின் சமன்பாடுகளை எழுதும் பக்கத்திலேயே மூன்று செய்திகளையும் எழுதுங்கள். கருவி எந்த மூலத்தோடும் எந்தக் கம்பியோடும் இணைந்திருப்பதாகக் கொண்டீர்கள்? இணைப்புகளின் மின்தடைக்கும் இரைச்சலுக்கும் என்ன மதிப்பு இட்டீர்கள். சுழியம் இட்டிருந்தால் ஏன்? உங்கள் அளவுருக்கள் எந்த எல்லைக்குள் அளக்கப்பட்டவை. உங்கள் கணக்கு அவ்வெல்லையை எந்த இடத்தில் தாண்டுகிறது? 1968-இல் ஸ்டூவர்ட்டும் மக்கம்பரும் பெற்ற வெற்றி, விட வேண்டியவற்றை அறிந்து விட்டதால் வந்தது. 2008-இல் சுரங்கத்தில் நேர்ந்த இழப்பு, விட்டது இன்னதென்று போதிய அளவு கண்காணிக்கப்படாததால் வந்தது.

மின்தடை மறைந்த இடத்தைக் கண்டுபிடித்த லைடனின் காமர்லிங் ஓனெஸுக்கு, தாழ் வெப்பநிலையில் பொருள்களின் பண்புகளை ஆராய்ந்ததற்காக 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. அது மறையாமல் எஞ்சியிருக்கும் இடங்களைத் தேடிப் பதிவு செய்யும் பணிக்கு அத்தகைய பெருமை கிட்டுவதில்லை. ஆயினும் கருவிகள் பிழைத்திருப்பது அப்பணியால்தான்.